மொரிஷியஸ் தையல் ஆலைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரோஸ் ஹில் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆலையில் 26 வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையரோடு விலையும் தேதியும் பேசுவது, அதைத் தையல் லைனில் வந்து சொல்வது, இதுதான் என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, இந்தத் தீவில் பருத்தியும் இல்லை, கம்பளி ஆடும் இல்லை. இத்தனை ஆலைகள் எப்படி வந்தன?

1968இல் விடுதலை கிடைத்தபோது நமக்குக் கரும்புதான் பிழைப்பு. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டார்கள். நூல், இயந்திரம் இவற்றின் இறக்குமதிக்கு வரி இல்லை, லாபத்துக்கும் வரிச் சலுகை. மண்டலம் என்றால் வேலி போட்ட இடம் என்று நினைக்காதீர்கள், ஊருக்கு ஊர் ஆலை திறந்தார்கள்.

ஆனால் சலுகை மட்டும் போதாது. 1974 முதல் பணக்கார நாடுகள் துணிமணி இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்தன, இவ்வளவுக்கு மேல் வாங்கமாட்டோம் என்ற உச்ச அளவு. ஹாங்காங் முதலாளிகளை அந்தக் கோட்டா நெருக்கியது. நம் தீவுக்கோ, முன்னாள் காலனி நாடுகளோடு ஐரோப்பா 1975இல் செய்த லோமே ஒப்பந்தப்படி, அங்கே வரியில்லாமல் அனுப்பும் வழி இருந்தது. அதனால் இங்கே வந்தார்கள். ஆஸ்திரேலியக் கம்பளி இங்கே ஸ்வெட்டராகி பிரான்சுக்குப் போனது.

தைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவரை வீட்டைவிட்டு வேலைக்குப் போகாதவர்கள் முதல்முறையாகக் கையில் சம்பளம் வாங்கினார்கள். மண்டல ஆலைகளுக்கான சட்டம்தான் வாரத்துக்கு 10 மணி நேரம் ஓவர்டைம் கட்டாயம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் அம்மா வேலை செய்த ஆலை 2005 வாக்கில் மூடப்பட்டது. அவர்கள் செய்த தவறு என்ன?

ஒன்றும் இல்லை, தம்பி. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 2005 ஜனவரி 1இல் அந்தக் கோட்டா முழுவதுமாக நீங்கியது. கோட்டாவுக்காக வந்தவர்களுக்கு இங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. ஒரு காலர்கூடக் கோணாமல் தைத்த பெண்கள் நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலை தேடி அலைந்ததை நான் பார்த்தேன். இன்றும் ஆறவில்லை.

சில ஆலைகள் கூலி குறைவு என்று மடகாஸ்கருக்குப் போயின. அங்கே 2009இல் ஆட்சி கவிழ்ந்தது. அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தரும் அகோவா வரிச்சலுகையை 2010 ஜனவரி முதல் நிறுத்தியது, 2014இல்தான் திருப்பித் தந்தது. இடைப்பட்ட காலத்தில் மடகாஸ்கர் தலைநகர் அண்டனானரிவோவின் தையல்காரர்களுக்கும் நம் கதைதான்.

ஏற்றுமதி கூடினால் நாட்டின் வருமானமும் அதே அளவு கூடுமா? (கல்லூரி மாணவி)

அதே அளவு கூடுவதில்லையம்மா. ஸ்வெட்டர் 10 யூரோவுக்குப் போகிறது, அதில் 6 யூரோ வெளியிலிருந்து வந்த நூல் என்று வைத்துக்கொள். சுங்கக் கணக்கில் 10 என்றே எழுதுவார்கள். இங்கே நின்றது 4, அதற்குள்தான் கூலி, மின்சாரம், லாபம் எல்லாம். கடையில் அதே ஸ்வெட்டருக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்தால், டிசைனும் பிராண்டும் கடையும் யாருடையதோ அவர்களிடம்தான் பெரும்பங்கு என்று புரியும். 2013இல் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பும் இப்படிப் பிரித்துக் காட்டும் கணக்கை வெளியிட ஆரம்பித்தன. உன் ஆய்வுக்கு அதை எடுத்துக்கொள்.

போர்ட் லூயிஸ் டூனா டப்பாவும் இதே மாதிரிதானா?

ஆமாம். ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்த மீனும் இங்கே டப்பாவில் அடைபட்டு ஐரோப்பாவுக்கே திரும்புகிறது. வரிச் சலுகைக்கு அந்த மீன் எந்த நாட்டுடையது என்பதை, கடலில் பிடித்த கப்பலின் கொடி பெரும்பாலும் முடிவு செய்யும்.

திருப்பூரிலிருந்து வந்து இங்கே துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருக்கிறேன் அக்கா. ஷிப்மெண்ட் வாரம் வந்தால் தூக்கமே இல்லை. ஏன் இப்படி?

பையர் டிசைனை மாற்றுவார், சாம்பிளை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் எடுப்பார். கப்பல் தேதி மட்டும் மாறாது. தேதி தவறினால் விலையில் பிடிப்பார்கள், இல்லை ஆலைச் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் ஆலை உங்கள் இரவை எடுத்துக்கொள்கிறது. நானே அந்தத் தேதிகளுக்குத் தலையாட்டியிருக்கிறேன், அது தப்பு.

ஓவர்டைம் மணியைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை ஊரில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் வேலை பெர்மிட் இந்த ஆலையோடு கட்டப்பட்டது என்பதால் கோபத்தில் வேலையை விட்டு வெளியேறாதீர்கள். முதலில் தொழிலாளர் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் பிரிவுக்குப் போங்கள். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள் தம்பி, நான் கூட வருகிறேன்.