வெளியானபோது யாரும் கண்டுகொள்ளாத ஹெவி ராக் ஆல்பத்துக்குப் பல வருடம் கழித்து எப்படி ரசிகர்கள் கிடைக்கிறார்கள்?

பெரும்பாலும் ஆல்பம் மாறுவதில்லை, அதைக் கேட்கும் வழிதான் மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவின் ஸ்லீப் குழு செய்த 'டோப்ஸ்மோக்கர்'. ஒரே பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல். 1996இல் பதிவு செய்தார்கள். காசு கொடுத்த லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. குழுவே கலைந்துபோனது. 1999இல் 'ஜெருசலேம்' என்ற பெயரில் சுருக்கிய வடிவம், 2003இல் முழு வடிவம், 2012இல் மறுவெளியீடு என்று ஒவ்வொரு முறையும் கூட்டம் பெருகியது. இடையில் 2009இல் குழுவும் மீண்டும் மேடையேறியது.

வானொலியில் இதைப் போடவே முடியாது. நான்கு நிமிடப் பாட்டை விற்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியவும் இல்லை. இணையம் வந்த பிறகு அந்தத் தடை போய்விட்டது. அதற்குள் மெதுவாகவும் கனமாகவும் ஒலிக்கும் 'டூம் மெட்டல்' ராக் இசையைக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறையும் உருவாகியிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். மார்கழிக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவியை அவசரமில்லாமல் விரிப்பதுபோல, இங்கே ஒரே கிட்டார் வரி மெல்ல மெல்ல உருமாறுகிறது. பாடும் குரல் வரவே எட்டு நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் வேண்டாம், அந்தத் தாழ்ந்த பேஸ் ஒலி அதில் சரியாகக் கேட்காது.