வால்வைத் திறந்தால் வேகம் வருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: கட்-அவுட் வால்வு. கட்-அவுட் என்றதும் தெருமுனையில் நிற்கும் தலைவர் படம் நினைவுக்கு வரும், இது வேறு. என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயை வெட்டி ஒரு கிளைக்குழாயை ஒட்டவைத்து, அதன் வாயில் சிறு தட்டுக் கதவு பொருத்துகிறார்கள். கதவு திறந்தால் புகை சைலன்சரைத் தொடாமல் வெளியேறும். மூடினால் பழைய வழியே போகும்.

கேள்வி: என் 350 சிசி மோட்டார் சைக்கிளுக்கு ரிமோட்டில் இயங்கும் வால்வு பொருத்த 6,500 ரூபாய் கேட்கிறார்கள். சக்தி 15 சதவீதம் கூடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வாங்காதீர்கள். அந்த 15 சதவீதத்தை அவர் எதை வைத்து அளந்தார் என்று கேளுங்கள். என்ஜின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் கருவியில் உங்கள் வண்டியை ஏற்றி, வால்வுக்கு முன்னும் பின்னும் அளந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கார்களில் சைலன்சர் கரடுமுரடாக இருந்தது; புகையை அடைத்து என்ஜினைத் திணறடித்தது. மேடு ஏறும்போது காலால் மிதித்து வால்வைத் திறந்தார்கள், பலனும் இருந்தது. இன்றைய சைலன்சர் என்ஜினோடு சேர்த்துக் கணக்கிட்டுச் செய்யப்படுவது. குழாயை இடையில் வெட்டினால், ஊருக்குள் ஓட்டும் குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் கூடும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் வால்வு கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும். என்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். சத்தம் பெரிதானதும் வண்டி பறப்பதாகக் காது நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையைத்தான் உங்களுக்கு 6,500 ரூபாய்க்கு விற்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: போலீஸைக் கண்டதும் ரிமோட்டில் மூடிக்கொண்டால் பிரச்சினை இல்லையே?
– சத்துவாச்சாரி

பதில்: மூடியிருந்தாலும் மாற்றம் மாற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு தனி: 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும். ஒளிப்பதற்கு வழி கேட்டு இந்தப் பகுதிக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: பழைய கார் விற்கும் ஒரு கடையில் பெட்ரோல் கார் வாங்கினேன். ஏலகிரி போய்வந்தபோது பின்சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தலைவலி, மயக்கம். மலைப்பாதை என்று விட்டுவிட்டோம். திருப்பத்தூர் போனபோதும் அதே. மெக்கானிக் பார்த்ததில் தரைக்கு அடியில் இப்படியொரு வால்வு. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கருகிப் போயிருக்கிறது. கடைக்காரர் 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார்.
– ஆம்பூர்

பதில்: முதலில் காரை எடுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்தும் ஓட்டாதீர்கள். பெட்ரோல் என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டியின் பின்முனையில் வெளியேற வேண்டிய அது தரைக்கு அடியில் கசிந்தால் சிறு துளை வழியாகவும் உள்ளே ஏறிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கம், பிறகு நினைவிழப்பு. பிள்ளைகளை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். காரில் புகை கசிந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். 2004-இல் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். ஒடுகத்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் என் மனைவி வாந்தி எடுப்பார். சாலை சரியில்லை என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கியபோது, வெட்டப்பட்ட குழாயின் மேல் தகர டப்பாவைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது தெரிந்தது. வாங்கும் முன் 200 ரூபாய் கொடுத்து அடியில் பார்க்கச் சொல்லாதது என் தவறு. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பார்த்து வாங்கினீர்கள் என்ற வாதம் நிற்காது; காருக்கு அடியில் இருப்பதை நின்றபடி யாரும் பார்க்க முடியாது. விற்றவர் தொழிலாகவே கார் விற்பவர் என்பது உங்களுக்குச் சாதகம். அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்காது. வால்வைக் கழற்றும் முன் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் தேதியிட்டு எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் '304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' வால்வு வாங்கினேன். காந்தம் ஒட்டவில்லை என்று சோதித்தும் பார்த்தேன். மூன்று மாதத்தில் துருப்பிடித்துத் தட்டு பாதியில் இறுகி நிற்கிறது. திருப்பிக் கேட்டால், பெட்டியில் 'பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறதாம்.
– ராணிப்பேட்டை

பதில்: 304 என்பது துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டீல் வகை. காந்தம் ஒட்டாததால் மட்டும் ஒரு ஸ்டீல் 304 ஆகிவிடாது. நிக்கல் குறைந்த, மலிவான 200 வரிசை ஸ்டீலிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. வீட்டுப் பாத்திரத்துக்கும் இது பொருந்தும்.

பெட்டியில் இருக்கும் அந்த வரிதான் பல ஆண்டுகளாக என் நெஞ்சில் குத்திக்கொண்டிருப்பது. அது ஆங்கிலத்தில், பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. மேலே நெருப்பு கக்கும் வண்டிப் படம். வாங்குகிறவர் யார் என்று விற்பவருக்குத் தெரியாதா? வேலூரிலிருந்து பந்தயத் திடலுக்குப் போக வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டும். ராணிப்பேட்டை முகவரிக்கு மாதம் முழுவதும் அனுப்புகிறவர், அது ஆற்காடு சாலையில்தான் ஓடப்போகிறது என்று அறிந்தே அனுப்புகிறார். சாலையில் பொருத்தக்கூடாத பொருள் என்றால் அதை விலைக்குப் பக்கத்திலேயே, தமிழிலும், அதே அளவு எழுத்தில் போடட்டும். போட்டால் விற்காது என்பதால்தான் போடுவதில்லை. லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு, அபராதத்தைப் பத்தொன்பது வயதுப் பையன் தலையில் கட்டும் வரி அது. இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

உங்கள் வழக்கில் அந்த வரி அவருக்கு முழுக் கவசம் ஆகாது. 304 என்று சொல்லி வேறு உலோகம் விற்றது தனிக் குற்றச்சாட்டு. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. பணம் வந்தால் இன்னொரு வால்வு வாங்காதீர்கள்.

கேள்வி: வால்வுக்குப் பில் வாங்கவில்லை. பில் வேண்டாமென்றால் 500 ரூபாய் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். இப்போது என்னைத் தெரியாது என்கிறார்.
– குடியாத்தம்

பதில்: 500 ரூபாய்க்கு உங்கள் சாட்சியை விற்றுவிட்டீர்கள். செல்போனில் பணம் அனுப்பிய பதிவு இருந்தால் அதையாவது பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்களில் கம்பெனியே வால்வு வைக்கிறதே?
– வாலாஜாபேட்டை

பதில்: அந்த வால்வோடு சேர்த்துத்தான் வண்டி ஒலிச் சோதனைக்குப் போகிறது. திறப்பதும் மூடுவதும் என்ஜின் கணினியின் வேலை. கடையில் வெட்டி ஒட்டுவது எந்தச் சோதனைக்கும் போனதில்லை.

கேள்வி: நான் எதையும் வாங்கவில்லை. வீட்டுக்கு எதிரே ஆஸ்பத்திரி. இரவு பதினொரு மணிக்கு மேல் இந்த வண்டிகள் போகும்போது படுத்த படுக்கையாக இருக்கும் என் தந்தை உடல் அதிர எழுகிறார்.
– தோட்டப்பாளையம்

பதில்: மனம் கனக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவில் அங்கே வரம்பு 40 டெசிபல். 175 சிசிக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிளுக்கே சோதனை வரம்பு 80 டெசிபல்தான். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஏறும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து, ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கையெழுத்தையும் சேர்த்துப் போக்குவரத்துப் போலீஸில் எழுத்தில் கொடுங்கள். தனி ஆள் கொடுக்கும் வாய்மொழிப் புகாரைவிட அதற்குக் கனம் அதிகம்.

கேள்வி: அப்பா திட்டியதால் வால்வைக் கழற்றப் போகிறேன். துளையை வெல்டிங் வைத்து அடைத்தால் போதுமா?
– பாகாயம்

பதில்: நல்ல முடிவு. ஒட்டு வேண்டாம், வெட்டிய பகுதிக் குழாயையே மாற்றுங்கள். மாற்றிய பின், என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. பில் வாங்குங்கள். கழற்றிய வால்வை நண்பருக்குப் பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்.