பாராவியூவில் ஸ்ட்ரெஸ் டென்சரின் ‘மேக்னிட்யூட்’ ஏன் வான் மீசஸுடன் ஒத்துப்போவதில்லை? 6 எண்களில் எது எது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சால்வர் (மாடலைக் கணக்கிடும் மென்பொருள்) கொடுத்த ஸ்ட்ரெஸ்ஸை (பொருளுக்குள் பரப்பின் மீது வரும் விசை) ஒரு ஸ்கிரிப்ட் வழியாக விடிகே கோப்பாக மாற்றி, முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் திறக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 6 எண்கள் வருகின்றன. ‘மேக்னிட்யூட்’ வைத்து நிறம் கொடுத்தால், சால்வர் காட்டிய வான் மீசஸுக்கு (ஸ்ட்ரெஸ் முழுவதையும் ஒரே எண்ணாக்கி, பொருள் நிரந்தரமாக உருமாறுமா என்று பார்க்கும் அளவு) பக்கத்தில்கூட வரவில்லை. கம்போனென்ட் வரிசை தப்பா, மென்பொருள் தப்பா?

மென்பொருளில் தப்பில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு புள்ளிக்கு 6 எண்கள் என்பது மட்டும்தான். 6 இருந்தால் சமச்சீர் டென்சராகத்தான் (மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒன்றேயான 3க்கு 3 அணி, அதனால் 6 எண்களே போதும்) இருக்கும் என்று தானாக முடிவு செய்து, மெனுவில் எக்ஸ்எக்ஸ், ஒய்ஒய் என்று பெயர் போட்டுவிடும். நீங்கள் அந்த இடத்தில் போட்டது உண்மையில் அதுதானா என்று எங்கேயும் சரிபார்ப்பதில்லை. (அச்சுகளை இனி 1, 2, 3 என்றே எழுதுகிறேன், எக்ஸ்எக்ஸ் என்றால் 11, எக்ஸ்ஒய் என்றால் 12.)

முதலில் மேக்னிட்யூட். எல்லாக் கம்போனென்ட்டுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. வெக்டருக்கு இது நீளம். டென்சருக்கோ இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. 11 திசையில் மட்டும் 100 மெகாபாஸ்கல் இழுவிசை இருந்தால் மேக்னிட்யூட் 100, வான் மீசஸும் 100. ஆகவே எளிய இழுவைச் சோதனை மாடலை வைத்துப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதே 100 வெறும் ஷியராக (12 போன்ற சறுக்கு ஸ்ட்ரெஸ்ஸாக) இருந்தால் வான் மீசஸ் 173.2, ஆனால் மேக்னிட்யூட் 100தான். அதையே 9 எண்களாகச் சேமித்திருந்தால் 12, 21 இரண்டும் கணக்கில் வரும், மேக்னிட்யூட் 141.4 ஆகிவிடும். அதாவது டென்சர் அதேதான், சேமித்த விதம் மாறியதால் விடை மாறுகிறது. மூன்று திசையிலும் சமமாக 100 அழுத்தம் என்றால் வான் மீசஸ் சுழியம், மேக்னிட்யூட் 173.2. ஸ்ட்ரெஸ்ஸுக்கு இந்த மேக்னிட்யூட் ஒன்றுக்கும் உதவாது என்பது என் கருத்து. முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

இனி வரிசை. உண்மையான ஆபத்து இங்கேதான்.

விடிகே எதிர்பார்ப்பது 11, 22, 33, 12, 23, 13. அபாகஸ் சால்வர் தருவது 11, 22, 33, 12, 13, 23: கடைசி இரண்டு இடம் மாறியிருக்கும். ஓப்பன்ஃபோம் சால்வர் வைத்திருப்பது 11, 12, 13, 22, 23, 33, அதாவது அணியின் மேல் முக்கோணத்தை வரிவரியாகப் படிப்பது. பாடநூல்களில் வரும் வோய்க்ட் வரிசை இன்னொன்று: 11, 22, 33, 23, 13, 12. ஓப்பன்ஃபோம் கோப்பை பாராவியூவின் சொந்த ரீடர் வழியாகத் திறந்தால் அதுவே வரிசையை மாற்றித் தரும். சொந்த ஸ்கிரிப்ட் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

நிறையப் பேர் ‘வான் மீசஸ் ஒத்துப்போகிறது, அப்போ வரிசை சரி’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை போதாது. வான் மீசஸ் சூத்திரத்தில் மூன்று ஷியர்களும் வர்க்கமாகிக் கூட்டலில்தான் வருகின்றன. அவற்றைத் தங்களுக்குள் எப்படி இடம் மாற்றினாலும் விடை மாறாது. ஒரு கணக்கு: 11 இடத்தில் 100, 13 இடத்தில் 50, மற்றவை சுழியம். முதன்மை ஸ்ட்ரெஸ்கள் (ஷியரே இல்லாத மூன்று திசைகளில் வரும் மதிப்புகள், அதாவது அணியின் ஐகன் மதிப்புகள்) 120.7, 0, −20.7. இதை அபாகஸ் வரிசையிலேயே எழுதினால் அந்த 50 ஐந்தாவது இடத்தில் விழும். விடிகே அதை 23 என்று படிக்கும். இப்போது முதன்மை ஸ்ட்ரெஸ்கள் 100, 50, −50. வான் மீசஸ் இரண்டிலும் 132.3! திசைகளோ முற்றிலும் வேறு. விரிசல் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க இந்தப் படத்தை நம்பினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சோதிக்க வேண்டியது முதன்மை மதிப்புகளை. ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, சால்வர் சொல்லும் மூன்று முதன்மை ஸ்ட்ரெஸ்களையும் பாராவியூவில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ஷியர்களும் சுழியமல்லாத, ஒன்றுக்கொன்று வேறான புள்ளியாக இருக்கட்டும். முதன்மைத் திசைகளையும் ஒப்பிட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பாராவியூவில் எப்படிக் கணக்கிடுவது? புதிய பதிப்புகளில் ‘ஈல்ட் கிரைட்டீரியா’, ‘டென்சர் பிரின்சிபல் இன்வேரியன்ட்ஸ்’ என்று இரண்டு ஃபில்டர்கள் உண்டு. 6 கம்போனென்ட் சமச்சீர் டென்சருக்கு நேரடியாக வேலை செய்யும். பழைய பதிப்பு என்றால் சாதாரண கால்குலேட்டரில் ஸ்கேலர் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு கம்போனென்ட்டையும் எடுத்து வான் மீசஸ் சூத்திரத்தை அடிக்கலாம். பைத்தான் கால்குலேட்டருக்குப் போனால் ஒன்று கவனிக்கணும்: 9 கம்போனென்ட் அரே அங்கே 3க்கு 3 அணியாக வரும், 6 கம்போனென்ட் அரே வெறும் ஆறு நெடுவரிசையாகவே வரும். ஐகன் மதிப்பு ஃபங்ஷன் அணியைத்தான் கேட்கும்.

2டி மாடலில் 11, 22, 12 என்று மூன்றை மட்டும் எழுதினால் பாராவியூ அதை வெக்டர் என்று நினைத்து எக்ஸ், ஒய், இசட் எனப் பெயரிடும். அம்புக்குறிகூட வரைந்து தரும், அர்த்தமில்லாத அம்புக்குறி. 6ஆக நிரப்பி எழுதுவதே நல்லது. பிளேன் ஸ்ட்ரெயின் (மூன்றாவது திசையில் நீட்சியே இல்லாத மாடல்) என்றால் 33 ஸ்ட்ரெஸ் சுழியமில்லை, அதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்ட்ரெய்னுக்கு (பொருள் எவ்வளவு உருமாறியது என்ற அளவுக்கு) இன்னொரு சிக்கல். அபாகஸ் உட்படப் பல சால்வர்கள் ஷியர் ஸ்ட்ரெய்னை இரண்டு மடங்காக, அதாவது காமாவாகத் தருகின்றன. டென்சராக எழுதும் முன் பாதியாக்க வேண்டும், இல்லையென்றால் முதன்மை ஸ்ட்ரெயின் தப்பாகும்.

அப்புறம், டிரான்ஸ்ஃபார்ம் ஃபில்டரில் மாடலைத் திருப்பினால் வலை திரும்பும். அதற்கான பெட்டியை டிக் செய்தால் வெக்டர்களும் திரும்பும். டென்சர் மட்டும் பழைய அச்சிலேயே நிற்கும். சுழற்சி அணியால் இருபுறமும் பெருக்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

செல் (வலையின் ஒரு கட்டம்) மதிப்பைப் புள்ளிக்கு மாற்றும்போதும் கவனம் தேவை. டென்சரைச் சராசரியாக்கிவிட்டு வான் மீசஸ் எடுத்தால் வரும் எண், முதலிலேயே வான் மீசஸ் எடுத்துச் சராசரியாக்கியதைவிடக் குறைவாகவோ சமமாகவோதான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து செல்களில் ஒன்றில் இழுவை, மற்றதில் அழுத்தம் என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சால்வர் எதை முதலில் செய்கிறது என்று பார்த்து அதே முறையில் போங்கள்.

டென்சர் கிளிஃப் (புள்ளிக்குப் புள்ளி டென்சரைக் காட்டும் சிறு வடிவம்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீள்கோளக் குமிழ்களில் இழுவையும் அழுத்தமும் ஒரே மாதிரி தெரியும், குறி மறைந்துவிடும். எம்ஆர்ஐ டிஃப்யூஷன் டென்சருக்கு ஐகன் மதிப்புகள் நேர்மமாகவே இருக்க வேண்டும் என்பதால் அங்கே அது பொருந்துகிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஐகன் மதிப்பால் நிறமாவது கொடுங்கள்.

கடைசியாக, எக்ஸ்எம்எல் வகை விடிகே கோப்பில் ஒவ்வொரு கம்போனென்ட்டுக்கும் நீங்களே பெயர் எழுதி வைக்கலாம், மெனுவில் அந்தப் பெயரே வரும். ஆனால் நான் மேலே சொன்ன ஃபில்டர்கள் பெயரைப் பார்த்து வேலை செய்வதில்லை, இடத்தைத்தான் பார்க்கின்றன. பெயரைத் திருத்தினால் மட்டும் வரிசை சரியாகிவிடாது. அபாகஸ் தரவு என்றால் ஸ்கிரிப்டில் ஐந்தாவதையும் ஆறாவதையும் மாற்றி எழுதித்தான் ஆகணும்.