ஸ்பில்வேயில் விழுந்த குழி: 4 கோடி எப்படி 11 கோடி ஆகிறது?

கேள்வி: எங்கள் பாசனச் சங்கம் ஒரு பெரிய அணையை நம்பியிருக்கிறது. போன வெள்ளத்துக்குப் பிறகு, உபரிநீர் இறங்கும் ஸ்பில்வே தளத்தில் கட்டில் அகலத்துக்குக் குழி விழுந்துவிட்டது. சரிசெய்ய முதலில் 4 கோடி என்றார்கள், இப்போது 11 கோடி என்கிறார்கள். இதற்கிடையே ஒருவர் வந்து, 'வெளிநாட்டு ரசாயனக் கலவையால் 90 லட்சத்தில் அடைத்துவிடலாம். சங்கத் தீர்மானமும் ஏக்கருக்குக் கொஞ்சம் வசூலும் கொடுத்தால் கோப்பை நகர்த்துகிறேன்' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: தீர்மானம் போடாதீர்கள், வசூலும் செய்யாதீர்கள். மற்றதை அப்புறம் படியுங்கள்.

உங்கள் கண்ணுக்குத் தெரிவது குழி. செலவு அதற்கு அடியில் இருக்கிறது. ஸ்பில்வேயில் தண்ணீர் ரயில் வேகத்தில் இறங்கும். இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் தண்ணீர் போகும் திசையில் அடுத்துள்ள பலகை கொஞ்சம் தூக்கியிருந்தாலும் அந்த வேகம் அழுத்தமாக மாறி, இணைப்புக்குள் புகுந்து, தளத்தை அடியிலிருந்து நெம்பும். அடியில் வடிகால் அடைத்து, பாறையும் உளுத்துப்போயிருந்தால் பலகை பெயர்ந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணையில் இதுதான் நடந்தது. 770 அடி உயரம், அமெரிக்காவிலேயே உயரமான அணை. 2017 பிப்ரவரி 7 அன்று ஸ்பில்வே தளம் பெயர்ந்தபோது ஓடியது அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 15 அங்குலம் இருக்க வேண்டிய கான்கிரீட், வடிகால் குழாய்களுக்கு மேலே ஏறக்குறைய பாதியாக மெலிந்திருந்தது. 1960களில் கட்டிய கொஞ்ச நாளிலேயே அந்தக் குழாய்களின் வரிசையில் விரிசல் விட்டது. இதெல்லாம் சகஜம் என்று பூசிப் பூசி ஐம்பது வருடம் ஓட்டினார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,88,000 பேரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல வேண்டியதாயிற்று. சீரமைப்புக்கு ஒப்பந்ததாரர் கேட்டது சுமார் 27.5 கோடி டாலர். தோண்டத் தோண்ட நல்ல பாறை ஆழத்தில்தான் கிடைத்தது, கான்கிரீட் அளவு ஏறியது. அவசர வேலைகளும் சேர்ந்து கடைசியில் 110 கோடி டாலர்.

ஆகவே 4 கோடி 11 கோடியானதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல மாட்டேன். என் சந்தேகமெல்லாம் அந்த முதல் 4 கோடியின் மேல்தான். துளைபோட்டு மாதிரி எடுக்காமல், குழியை நாடாவால் அளந்து போட்ட மதிப்பீடாக இருக்கும். நம் அலுவலகங்களில் பழுதுக்குப் பணம் கிடைத்தாலும் கிடைக்கும், பழுது என்னவென்று பார்க்கப் பணம் கிடைக்காது. ஆய்வுக்குக் கேட்ட கோப்பு மூன்று முறை விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். பிறகு மார்ச் கடைசியில் 'பணம் காலாவதியாகிறது, வேலையைத் தொடங்கு' என்று நெருக்குவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இப்போது அந்த ரசாயனக் கலவை மனிதர். இவர்களைப் போன்றவர்கள் கேட்கும் தீர்மானம், 'விவசாயிகளே கேட்கிறார்கள்' என்று மேலே காட்ட ஒரு காகிதம். நான் வேலை பார்த்த ஓர் அணையில் இப்படித்தான் ஒரு பூச்சு போட்டார்கள். பளபளவென்று இருந்தது, படம் எடுத்துப் பில்லும் வாங்கிவிட்டார்கள். அடுத்த வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். பூச்சு முழுத் தகடாகப் பெயர்ந்து கீழே கிடந்தது, புரட்டிப் பார்த்தால் பழைய கான்கிரீட்டின் தூசி அதன் அடியில் அப்படியே ஒட்டியிருந்தது. கொத்திச் சுத்தம்கூடச் செய்யவில்லை. அரசு அணைக்கு விவசாயியிடம் வசூல் என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பூச்சு எப்போதுமே தப்பா என்றால், இல்லை. மணலும் கல்லும் உரசி மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், எபாக்சி கலவையோ உயர்தரக் கான்கிரீட்டோ போட்டு அடைப்பது முறையான வேலைதான். ஆனால் கம்பி வெளியே தெரியக் கூடாது. குழியைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். டொப்பென்று கேட்டால் அடியில் வெற்றிடம். ஸ்பில்வேயில் தண்ணீர் போகும்போது வடிகால் வாய்களில் வழக்கத்தைவிட அதிகமாகவோ கலங்கலாகவோ தண்ணீர் வந்திருக்கக் கூடாது. கலங்கல் என்றால் அடிமண் கரைந்து வருகிறது. இதில் ஒன்று தவறினாலும் பூச்சுப் பேச்சே வேண்டாம். உங்கள் குழி கட்டில் அகலம் என்கிறீர்கள், ஆழத்தை எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இன்படி மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அணையை ஆய்வு செய்தாக வேண்டும். அந்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூடவே, எத்தனை இடத்தில் துளையிட்டார்கள், பாறை எத்தனை அடியில் கிடைத்தது, 11 கோடியில் வடிகாலும், தளத்தைப் பாறையோடு பிடித்துவைக்கும் நங்கூரக் கம்பிகளும் அடக்கமா என்று செயற்பொறியாளருக்கு எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஓரோவிலில் பழுது முன்பே இருந்தது என்று சொல்லி, சீரமைப்புச் செலவில் 30 கோடி டாலருக்கும் கூடுதலான ஒரு தொகையைத் தர அமெரிக்க ஒன்றிய அரசின் பேரிடர் முகமை முதலில் மறுத்துவிட்டது. அதை மீட்க இரண்டு வருடம் ஆனது.

குழியின் ஆழத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். ஷட்டர் மூடியிருக்கும்போது, அணை ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மட்டும் இறங்குங்கள்.