பழைய எஸ்யூவி வாங்கினா அப்புறம் எவ்ளோ செலவு வைக்கும்?

கேள்வி: 6 வருஷம் ஓடுன மிட்சைஸ் டீசல் எஸ்யூவி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், மீட்டர்ல 90,000 கிலோமீட்டர் காட்டுது. புது சின்ன கார் விலைக்கே வருது. வாங்கின பிறகு கையக் கடிக்குமா?

பதில்: வண்டியோட விலைதாங்க பாதியா இறங்கியிருக்கு, பார்ட்ஸ் விலை இறங்கல. பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், ஹெட்லைட் எதை மாத்தினாலும் அது புதுசா வந்தப்ப என்ன ரேஞ்ச் வண்டியோ அதே ரேஞ்ச் பில்லுதான் வரும். இன்ஜின் ஆயில்கூட சின்ன காருக்கு 3, 4 லிட்டர்ல முடியும், இதுக்கு 5, 6 லிட்டர் கேக்கும்.

90,000னு சொன்னீங்கல்ல, அதுலதான் விஷயமே இருக்கு. நிறைய மாடல்ல பெரிய செலவெல்லாம் ஒரு லட்சத்த ஒட்டித்தான் வரிசையா வரும், அதனாலயே பலபேர் அதுக்கு முன்னாடி வித்துடுறாங்க. இன்ஜின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிறது டைமிங் பெல்ட்டா செயினான்னு மொதல்ல கேளுங்க. பெல்ட்டுன்னா எப்ப மாத்தணும்னு மேனுவல்ல பாருங்க, கிலோமீட்டர் ஆகலைன்னாலும் வருஷக் கணக்குலயும் ஒரு கெடு இருக்கும், அது ஓடும்போது அறுந்தா பெரும்பாலான இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே இறக்க வேண்டியதாயிடும். மாத்தும்போது பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப்பையும் சேத்து மாத்திடுங்க, ரெண்டு தடவ லேபர் குடுக்க வேணாம். ஆட்டோமேட்டிக்னா கியர்பாக்ஸ் ஆயில் மாத்துன பில் இருக்கான்னு கேளுங்க, மேனுவல் கியர்னா கிளட்ச்சோட, அது ஒட்டிப் புடிக்கிற கனமான சக்கரமான ஃப்ளைவீலும் போயிருக்கான்னு ஒரு மெக்கானிக்க விட்டு பாக்கச் சொல்லுங்க, அது ரெண்டும் ஒண்ணா போனா நல்ல தொகை.

டயர் பக்கவாட்டுல 4 இலக்க நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. டயர் மேல இருக்குற பட்டன் தேயாம நல்லா தெரிஞ்சாலும் ரப்பர் பழசுன்னா நாலு டயர் காச விலையில குறைக்கச் சொல்லி தைரியமா கேளுங்க. 19 இன்ச் வீல் பாக்க அழகுதான், ஆனா 17 இன்ச் டயரவிட விலை கூட.

என்னோட கருத்து, கையில இருக்குற பட்ஜெட் முழுசயும் வண்டிக்கே போட்டுடாதீங்க, முதல் வருஷ ரிப்பேருக்குன்னு அஞ்சுல ஒரு பங்காவது தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துல வண்டி தேடுங்க. வண்டி பழசுன்னா பல இடத்துல லோன் வட்டியும் கொஞ்சம் கூடவே வரும், அதையும் சேத்துப் பாருங்க.

கேள்வி: தினமும் ஆபீஸ் 4 கிலோமீட்டர்தான். டீசல் எடுக்கலாமா?

பதில்: வேணாங்க. புது டீசல்ல சைலன்சர் லைன்ல புகைக்கரி புடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு, அது நல்லா சூடாகி கரிய எரிச்சாத்தான் சுத்தமாகும், 4 கிலோமீட்டர்ல அந்த சூடே வராது, அடைச்சுக்கிட்டு வார்னிங் லைட் போடும், புது ஃபில்டர் விலை ரொம்ப அதிகம். பெட்ரோலே எடுங்க. உங்க ஓட்டத்துக்கு மைலேஜ் வித்தியாசமும் பெருசா தெரியாது, வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்னா லிட்டருக்கு 10 குடுக்குற வண்டி 300 லிட்டர் குடிக்கும், 15 குடுக்குறது 200 லிட்டர்.

கேள்வி: நாலு வீலுக்கும் இன்ஜின் பவர் போற ஆல் வீல் டிரைவ் அவசியமா?

பதில்: மண் ரோடு, பனி, செங்குத்தான ஏத்தம் இல்லன்னா தேவையில்ல. அதுல ஒரு டயர் கிழிஞ்சா பல வண்டியில நாலையும் மாத்தச் சொல்வாங்க, ஏன்னா சுத்தளவு வித்தியாசப்பட்டா முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல லோடு ஏறி அது தேஞ்சுடும்.