ராத்திரி வேலை பெண்ணுக்கு எதற்கு?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ராத்திரியெல்லாம் கண் விழித்து மலை மேல் கிடக்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார் என் மாமனார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: இதே கவலை ஜோஸ்லின் பெல் பர்னெலுக்கும் இருந்தது. வட அயர்லாந்துக்காரர். வானியல் மீது கொள்ளை ஆசை, ஆனால் ராத்திரி தூங்காமல் இருக்க முடியாது. அப்புறம்தான் ரேடியோ வானியல் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பகலிலும் பதிவு செய்யலாம். அந்த வழியில் போனவர், 1967-இல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. மாணவியாக இருந்தபோதே பல்சரை, அதாவது சீராகத் துடித்துத் துடித்து ரேடியோ அலை அனுப்பும் விண்மீனை, கண்டுபிடித்தார். மற்றவர்களோடு சேர்ந்து தானும் கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய தொலைநோக்கி அது. தினமும் சுமார் 30 மீட்டர் காகிதத்தில் கோடு கிழித்துத் தள்ளும். அத்தனையையும் கண்ணாலேயே பார்த்து வந்தவர், ஓர் அங்குலம்கூடத் தேறாத ஒரு கிறுக்கலை 'போகட்டும்' என்று விடவில்லை. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தால், சுமார் 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு, பிசகாமல்! வெடித்துப்போன பெரிய விண்மீனின் இறுகிய மிச்சமான, சுழலும் நியூட்ரான் விண்மீன் அது. அதற்கான நோபல் பரிசு 1974-இல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள்: ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொலைநோக்கியையோ, பெங்களூரு பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள்.

பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் நான். என் கெட்டிக்கார மாணவிகள் கண் விழிக்க முடியாமல் துறையை விடவில்லை. எம்.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம், அதோடு சரி. பெல்லே கணவரின் இடமாற்றங்களுக்குப் பின்னால் போய், பல வருடம் பகுதி நேர வேலைதான் பார்த்தார். பயப்படுவதானால் இதற்குப் பயப்படுங்கள்.

பள்ளியில் பையன்களை ஆய்வகத்துக்கும் பெண்களை வீட்டு வேலை வகுப்புக்கும் பிரித்து அனுப்பியபோது, பெல்லின் பெற்றோர் சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டார்கள். மகள் ஆய்வகத்துக்குப் போனாள்; தேர்வில் அறிவியலில் முதலாவதாகவும் வந்தாள். வீட்டில் உங்கள் மகளுக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

படிப்பு வழி சிக்கலானதல்ல. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜெஸ்ட் அல்லது நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி, பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலோ புனேயில் உள்ள அயூகா என்ற வானியல் ஆய்வு மையத்திலோ உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். அந்த பெங்களூரு நிறுவனத்துக்கு 2019-இல் இயக்குநராக வந்த அன்னபூரணி சுப்பிரமணியம் அங்கேயே பிஎச்.டி. படித்தவர்தான்.

கேள்வி: டெலஸ்கோப் வாங்க வீட்டில் வசதியில்லை. நான் எப்படி ஆரம்பிப்பது?
– 9-ஆம் வகுப்பு மாணவி, செங்கம்

பதில்: இப்போதைக்கு டெலஸ்கோப் வேண்டாம் கண்ணு. மார்கழி மாதம் இருட்டியதும் கிழக்கே பார். கார்த்திகைக் கூட்டத்தில் உன் கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுது. பலருக்கும் ஆறு தெரியும். நிலாவைத் தினமும் வரைந்து வை. காவலூர் வானாய்வகம் உங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. பார்வையாளர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று விசாரித்து, அறிவியல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போய் வா. போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போ, சந்தேகங்களை அங்கே இருப்பவர்களிடமே கேள்.