பழைய ஏடிவியில் புதுச் சாயம் உரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: ஐயா, பாலிக் பூலாவில் எங்கள் டுரியான் தோட்டத்தில் அப்பா ஓட்டும் பழைய ஏடிவியின் (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பிளாஸ்டிக் பாகங்கள் வெளுத்துப்போயிருந்தன. பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் 1,450 ரிங்கிட் கொடுத்துச் சாயம் அடித்தேன். இரண்டே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. கழற்றும்போது முன் மட்கார்டில் போல்ட் பிடிக்கும் காது ஒன்றையும் ஒடித்துவிட்டார்கள். கேட்டால், "பழைய பிளாஸ்டிக், நாங்கள் என்ன செய்வது? மறுபடி அடிக்க 600 ரிங்கிட்" என்கிறார்கள். ரசீதில் "சாயத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று அச்சடித்திருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: அந்த 600 ரிங்கிட்டை இப்போது கொடுக்காதீர்கள். உரியும் பாகங்களில் கையும் வைக்காதீர்கள். நீங்களே தேய்த்தாலோ வேறு பட்டறையில் கொடுத்தாலோ சாட்சியம் அழிந்துவிடும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்தாக வேண்டும். எந்தத் தேவைக்காக அந்தச் சேவையைக் கேட்கிறீர்கள் என்று தெரிவித்திருந்தால், அதற்கு ஏற்றதாகவும் அது இருக்க வேண்டும் என்கிறது 54ஆவது பிரிவு. தோட்டத்தில் ஓடும் வண்டி என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால், அந்த உரையாடலை இன்றே சேமித்து வையுங்கள். ரசீதில் இருக்கும் வாசகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். இந்தச் சட்டத்தின் உரிமைகளை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. 6ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

"பழைய பிளாஸ்டிக்" என்ற வாதத்தைத்தான் நீங்கள் உடைக்க வேண்டும். ஏடிவி பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டிலும் சாயம் எளிதில் ஒட்டாது. வெயிலில் வெளுத்துப் பொடியான மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பசையும் பழைய சிலிக்கோன் பாலிஷும் போகக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் (சாயம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் வளைந்து கொடுக்கும் சாயத்தை அடிப்பதே முறை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாகத்தின் உட்புறத்தில் PP (பாலிப்ரோப்பிலீன்) அல்லது PE (பாலிஎத்திலீன்) என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். கல் பட்டு, கிளை உரசிய இடத்தில் மட்டும் சாயம் போனால் அது தேய்மானம். அடிபடாத இடத்திலும் தகடாகக் கழன்று, கீழே பழைய பிளாஸ்டிக் வழவழப்பாகத் தெரிந்தால், அடித்தளம் சரியாகத் தயாராகவில்லை என்று வாதிடலாம். உரிந்த துண்டுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். பாகத்தின் நிலையைப் பார்த்துத்தானே வேலையை ஏற்றார்கள்? முடியாது என்றால் அன்றே சொல்லியிருக்கலாம். "ஒட்டாமல் போகலாம்" என்று வேலைக்கு முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தால் மட்டும் உங்கள் கை தளரும்.

இன்னொரு சிக்கல் வரலாம். "தோட்டத் தொழிலுக்கான வண்டி, நீங்கள் பயனீட்டாளரே அல்ல" என்று அவர்கள் வாதிடலாம். 3ஆவது பிரிவு பார்ப்பது, அந்தச் சேவை சாதாரணமாகச் சொந்த உபயோகத்துக்குப் பெறப்படும் வகையைச் சேர்ந்ததா என்பதையே. வண்டிக்குச் சாயம் அடிப்பது அந்த வகைதான் என்பது என் கருத்து. ஆனாலும் டுரியான் விற்பனை பெரிய அளவில் நடக்கிறது என்றால், இந்தக் கேள்விக்குப் பதிலோடு போங்கள்.

முதலில் பட்டறைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: 14 நாளுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும், ஒடிந்த காதுக்கும் ஈடு செய்ய வேண்டும். 14 நாள் என்பது சட்டம் சொல்லும் கணக்கல்ல, நியாயமான அவகாசம் அவ்வளவுதான். சரிசெய்யக்கூடிய குறை என்றால் அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது அவசியம். மறுத்தாலோ மறுபடியும் உரிந்தாலோ, வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்குக் கோபம் இருப்பது புரிகிறது, ஆனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள், மன்றத்தின் கோரிக்கைப் படிவமான படிவம் 1ஐப் பதிய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அனுமதியும் இல்லை; நீங்களே பேசலாம். படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

கோரிக்கையை அப்பா பெயரில் போடாதீர்கள், வேலையைக் கொடுத்துப் பணம் கட்டியவர் நீங்கள். எதிர்த்தரப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். ரசீதில் கடைப் பெயர் மட்டும் இருந்தால், மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் அதன் பதிவைத் தேடி எடுங்கள். தனிநபர் கடை என்றால் உரிமையாளர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.